வீட்டுப் பாத்தியும் சந்தைப் பாத்தியும்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னை உதைக்கிற அந்தச் சின்ன ரவுடியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் விடிந்தால் வருகிற முதல் நினைப்பு. எங்களைப் பற்றிக் கேட்டால், நடமாடிக்கொண்டிருக்கிறோம். வழக்கமாக அந்த இடத்தில் எழுதுகிற வார்த்தையைத்தான் எழுதப் போனேன், அங்கே வந்ததும் பேனா மக்கர் பண்ணியது, உதறிப் பார்த்தும் மை இறங்கவில்லை, பேனாவுக்காவது மனசாட்சி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான், போனுக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் மைக் செட். உன் அம்மாவுக்குக் காது மந்தமான பிறகு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டியிருக்கிறது, நீ அங்கே தும்மினால் இங்கே எதிர்வீட்டுக்காரன் சூடாக ஏதாவது குடிக்கச் சொல்கிறான். நான் சொல்லப்போவது உன் அம்மா இப்போதைக்குக் கேட்கக்கூடாதது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான், ஆனாலும் எழுத்து விஷயத்தில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும், உன் அப்பா சுரங்கத்தில் இறந்துபோனபோது கம்பெனிக்கு நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டு மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை, இருந்தாலும் துடைத்திருப்பார், மனு அப்படி.

ஏழாம் மாதம் பிறந்ததும் கிளம்பி வருகிறேன், பிரசவம் முடிகிறவரை அம்மாவோடுதான் இருப்பேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. முன்னறைச் சாமான்களை எல்லாம் என் தலையில் கட்டி வெளியே ஏற்றினாள், சுவருக்கு வெளிர்நீலம் அடிக்கச் சொன்னாள், அடித்தேன், சும்மா சொல்லக்கூடாது, வானத்தைச் சுருட்டி உள்ளே ஒட்டின மாதிரி இருக்கிறது. உன் சித்தி பழைய புடவைகளைத் துவைத்துத் துணி கிழித்து வைத்திருக்கிறாள், ஒரு பிள்ளைக்கா ஒரு பட்டாளத்துக்கா என்று கேட்டேன், முறைத்தாள். நீ வருவதில் யாருக்கும் இங்கே இரண்டாவது பேச்சு இல்லை, சந்தை வாசலில் கம்பெனிக்காரன் பெரிதாகப் போர்டு வேறு வைத்துவிட்டான், இந்த ஊர்க் காய்கறி எல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று, எதிலும் நஞ்சு இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று. உன் அம்மா அதைத்தான் உனக்குப் போனில் வாய் நிறையச் சொன்னாள், நீயும் நிம்மதியாச்சு என்றாய். அந்தப் போர்டு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லி முடித்த பிறகு நீ வரலாமா கூடாதா என்பதையும் நானே சொல்லப்போகிறேன். அப்பா இடத்தில் நின்று உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடித்தவன், இதையும் நான்தான் சொல்லவேண்டும்.

மேட்டில் கம்பெனியின் சேற்றுக் குளம் இருக்கிறதே, தாதுவைக் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய்த் தேக்குவார்களே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மைதானம் அளவு இருந்தது, இப்போது நின்று பார்த்தால் மறுகரை தெரியாது, கடல் என்றே சொல்லலாம், சாம்பல் நிறக் கடல். அதன் கரையிலிருந்து கசிவது நேராக நம் வாய்க்காலில்தான் வந்து விழுகிறது. மழை பெய்தால் கரைக்கு மேலேயே வழியும். நம் தோட்டம், பக்கத்து வீட்டுத் தக்காளிக்காரர் தோட்டம், கோடியில் வெங்காயம் போடுகிறவன் கொல்லை, எல்லாவற்றுக்கும் அந்த வாய்க்கால்தான் தண்ணீர். ஊர்ச் சாக்கடையும் அதில் சேருவதால் பயிர் பார்ப்பதற்கு அமர்க்களமாக வரும். கீரை என்றால் முறம் அகலத்துக்கு இலை, எண்ணெய் தடவின மாதிரிப் பளபளப்பு, சந்தையில் என் கட்டைப் பார்த்துவிட்டு மற்றவன் கட்டைத் தொடமாட்டார்கள். ஆனால் அந்தப் பாத்தியிலிருந்து ஓர் இலையைக்கூட நம் வீட்டு அடுப்பில் ஏற்றிப் பல வருஷம் ஆகிறது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, யாரும் யாரிடமும் கேட்கவும் இல்லை. வாய்க்காலில் மீன் மல்லாந்து மிதக்க ஆரம்பித்த வருஷம் உன் சித்தி வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாலு முழத்துக்கு ஒரு பாத்தி பிடித்தாள். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கையால் மொண்டு ஊற்றுவாள். அந்தக் கீரை நோஞ்சான், இலையில் பூச்சி ஓட்டை, ஒரு கட்டுக்கு ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். அது வீட்டுப் பாத்தி. வாய்க்கால் ஓரத்தில் இருப்பது சந்தைப் பாத்தி. இந்த யோசனை முதலில் உதித்தது நம் வீட்டில்தான் என்று நான் ரொம்ப நாள் மார் தட்டிக்கொண்டிருந்தேன், மனசுக்குள்ளேதான் தட்டினேன், வெளியே தட்டமுடியாத விஷயம் அது. பிறகு ஒருநாள் ஓடு மாற்றக் கூரை ஏறினபோது பார்க்கிறேன், தக்காளிக்காரர் வீட்டுக்குப் பின்னாலும் நாலு முழம், வெங்காயக்காரன் வீட்டுக்குப் பின்னாலும் நாலு முழம், தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு முதுகிலும் ஒரு சின்னப் பச்சைச் சதுரம். ஊரே என் மூளையைத் திருடிவிட்டது என்று இறங்கி வந்தேன்.

இதில் இருக்கிற கூத்தை நீயே யோசித்துப் பார். மனுஷன் கீரையை மட்டும் தின்று உயிர் வாழ முடியுமா? நாங்கள் வீட்டுப் பாத்திக் கீரையைத் தின்றோம், தக்காளியைச் சந்தையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினோம். அவர் தன் வீட்டுப் பாத்தித் தக்காளியைத் தின்றார், கீரையை என்னிடம் வாங்கினார். வெங்காயத்துக்கு இரண்டு பேரும் கோடி வீட்டுக்குப் போனோம், அவன் எங்கள் இரண்டு பேரிடமும் வந்தான். தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது எங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் போய் நின்றால் மறந்துவிடும். அவனவன் தன்னுடையது மட்டும்தான் விஷம், மற்றவன் நல்லவன் என்று நம்பினான். இவ்வளவு நம்பிக்கை உள்ள ஊரை உலகத்தில் வேறு எங்கேயும் பார்க்கமுடியாது.

போன வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு கலகம் பண்ணினாள். பிள்ளைகள் எல்லாம் வெளிறிக் கிடக்கிறார்கள், வயிற்றுவலி என்று வருகிறார்கள், சொன்ன பாடம் மண்டையில் ஏறவில்லை என்று வாத்தியார் அனுப்புகிறார், இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கணும் என்று ஆரம்பித்தாள். என்னையும் ஒருநாள் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறங்க என்றாள், திறந்தேன். ஈறில் நீலக்கோடு ஓடுதே, ஈயம் ஏறினா வர்றதாச்சே, எத்தனை நாளா என்று கேட்டாள். அது பரம்பரை அழகும்மா, எங்க வீட்டு ஆம்பளைகளுக்கே உள்ளது என்று சொன்னேன். உங்க வீட்டில் மட்டுமில்லை, இந்தத் தெரு ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்கு, எல்லாரும் ஒரே பரம்பரையா என்று கேட்டாளே பார்க்கலாம். சேதி கம்பெனிக்குப் போயிற்று. அங்கே ஓர் ஆள் இருக்கிறான், ஊர்க்காரர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள், சாவு வீட்டுக்கு வந்தாலும் பல்லைக் காட்டுவான் என்பதால் சிரிப்பு ஆபீசர் என்று பெயர். அவன் சந்தையில் வந்து நின்றுகொண்டு, உங்க சந்தேகத்தைத் தீர்க்கறது எங்க கடமை, ஒவ்வொருத்தரும் உங்க தோட்டத்திலேர்ந்து ஒரு கட்டு, ஒரு பை, நீங்களே பறிச்சு உங்க கையாலேயே கொண்டாங்க, நாங்க தொடக்கூட மாட்டோம், அப்புறம் கம்பெனி மாத்திடுச்சுன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க என்றான். எவ்வளவு நியாயமான ஆள் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் சித்தி கேட்டது ஒன்றுதான். எதிலேர்ந்து பறிக்கறது என்றாள். அதற்குப் பதில் இரண்டு பேருக்குமே தெரியும். சந்தைப் பாத்தியிலிருந்து கொடுத்து அதில் ஏதாவது இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள் என்றால் மறுநாள் என் கட்டை யார் வாங்குவார்கள்? மற்றவர்களுடையது எல்லாம் தேறிவிட்டு என்னுடையது மட்டும் மாட்டிக்கொண்டால் தலை நிமிர்ந்து நடக்கமுடியுமா? உன் சித்தி பின்பக்கம் போனாள். இருக்கிறதிலேயே நல்ல இலையாகப் பொறுக்கி, வேர்மண்ணை அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். கம்பெனி ஹாலில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஏசி போட்டு எங்களை விறைக்க வைத்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், மூடி உடைக்காதது, வெளியூரிலிருந்து வருகிறதாம், கம்பெனிக்காரர்கள் அதைத்தான் குடிக்கிறார்களாம். நான் என் கட்டை மேஜையில் வைத்தேன். அழகு என்றால் அதுதான் அழகு, பரிசு வைத்திருந்தால் முதல் பரிசு எனக்குத்தான். பக்கத்தில் தக்காளிக்காரர் பையைக் கொட்டினார். சந்தையில் அவருடைய தக்காளி என் கைமுட்டி அளவு இருக்கும், இங்கே மேஜையில் உருண்டது கோலிக்குண்டு. வெங்காயக்காரனுடையது அதைவிடப் பொடிசு. நான் அவர் தக்காளியைப் பார்த்தேன், அவர் என் கீரையைப் பார்த்தார். மேஜை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நோஞ்சான் காய், ஓட்டை இலை. ஊர் மொத்தமும் தன் வீட்டு முதுகைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தது. வளவளவென்று பேசுகிற கூட்டம், ஆளாளுக்குப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தோம். சிரிப்பு ஆபீசர் மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டே, என்ன இவ்வளவு சின்னதா இருக்கு, உங்க ஊர்க் காய் பெரிசா இருக்கும்னு சொன்னாங்களே என்று கேட்டான். தக்காளிக்காரர்தான், இப்ப சீசன் இல்லீங்க என்றார். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அப்படி ஒரு சிரிப்பு சிரித்தான். இந்தத் தாள்ல கீழே கையெழுத்துப் போடுங்க, உங்க தோட்டத்துச் சாமான்தான்னு என்றான். போட்டோம். என் கையெழுத்து இருக்கிறதே, பாங்க் மானேஜர் போடுகிற மாதிரி இருக்கும், அதைச் சுழித்துச் சுழித்துப் போட்டேன்.

இருக்குமா விஷம்? மழைத்தண்ணீர் குடித்து வளர்ந்த கீரை. அத்தனையும் சுத்தம் என்று வந்தது. போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டு வந்த கையோடு நர்ஸம்மாவின் இரத்தப் பரிசோதனை நின்றது, காய்கறி சுத்தமா இருக்கறப்போ பிள்ளைங்க இரத்தத்தைக் குத்தறது எதுக்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று கம்பெனி முன்பு ஒத்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. சேற்றுக் குளத்தின் கரையை இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. எல்லாம் நாங்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போன கட்டுக்கு. அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை அம்மாடி. பொய் எல்லாம் எங்களுடையது.

தக்காளிக்காரர் மகள், உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாளே சின்னவள், அவள் அந்தப் போர்டை நம்பித்தான் பிரசவத்துக்கு வந்தாள். இப்போது நீ வருகிறேன் என்கிறாயே, அதே மாதக் கணக்கில்தான் வந்தாள். பெற்றவர்கள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கென்று வீட்டுப் பாத்தித் தக்காளியைத் தவிர வேறு காட்டவில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கீரை கொடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னதால் அவள் அம்மா தினம் காலையில் நம் வாசலுக்கு வருவாள். உன் சித்தி ஒருநாளும் அவளிடம் காசு வாங்கவில்லை, என்னக்கா இதுக்குப் போய்க் காசா, நம்ம பொண்ணுக்கு என்பாள். இருக்கிற கட்டிலேயே பெரிய கட்டாக, பளபளப்பானதாக எடுத்துக் கொடுப்பாள். எந்தப் பாத்திக் கட்டு என்று நீ கேட்கமாட்டாய். வீட்டுப் பாத்தியில் எங்கள் மூன்று பேருக்கே காணாது. இது சாப்பிடறதுக்கு இல்லக்கா என்று எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் அப்புறம் சந்தையில் எப்படி விற்பாள்? ஒரு சில நாள் வீட்டுப் பாத்தியிலிருந்து கிள்ளிக் கொடுத்திருக்கிறாள், அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, என்ன இன்னிக்கு இப்படிப் பூச்சி அரிச்சதா இருக்கு, நல்லதா குடேன் என்று மாற்றிக் கேட்டாளாம்.

பிள்ளை நாளாவதற்கு முன்பே பிறந்தது. தாயும் சேயும் சுகம் என்று உன் அம்மா போனில் சொன்னாள், அது பாதி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், சின்னவளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டர் எந்த ஊர் என்று கேட்டாராம். சுரங்கத்தில் வேலை பார்க்கிறாயா என்று கேட்டாராம், அந்த அளவுக்கு ஈயம். பால் கொடுக்கவேண்டாம், நாங்கள் சொல்கிறவரை பவுடர் பால்தான் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை ஒரு பிடிதான் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள், ஆனால் கைதட்டினால் திரும்பமாட்டேன் என்கிறது, போகப்போகத்தான் தெரியும் என்கிறார்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். சின்னவள் மார்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், துண்டு நனைந்திருந்தது, பிள்ளை அந்தப் பக்கம் அவள் அம்மா மடியில் பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் எங்கே போனாலும் நாலு வார்த்தை பேசி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன். அங்கே வாசல்படியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் தக்காளிக்காரர் நம் வாசலில் வந்து நின்று, வெளியே வாய்யா கீரை என்று கத்தினார். போனேன். உன் கீரையைத் தின்னுதான்யா என் பொண்ணு பால் விஷமாச்சு, எந்தப் பாத்திக் கீரைய்யா குடுத்தீங்க, சொல்லு என்றார். எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. எங்க அண்ணிக்குக் கை நடுங்குதே, சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியலையே, அது யாரோட தக்காளிய்யா, நீ உன் வீட்டுல கோலிக்குண்டைத் தின்னுட்டு எங்களுக்குக் கைமுட்டியை வித்தியே என்று நானும் கத்தினேன். உன் வீட்டுப் பாத்தி எனக்குத் தெரியாதா என்கிறார் அவர். உன் வீட்டுப் பாத்தியை நான் கூரை மேலேர்ந்து பார்த்தவன்யா என்கிறேன் நான். வீட்டுப் பாத்தி என்கிற வார்த்தையை அந்தத் தெருவில் ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறோம், ஒவ்வொரு வாசலிலும் ஆள். சாதாரணமாக இப்படிச் சண்டை என்றால் விலக்குவதற்கு நாலு பேர், ஏற்றிவிடுவதற்கு எட்டுப் பேர் வருவார்கள். ஒருத்தரும் படியிறங்கவில்லை. வெங்காயக்காரன் தன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அடிக்கத்தான் வந்திருந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் அவரை நடத்திக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டேன்.

அப்புறம் இரண்டு பேருமாகச் சந்தைப் பாத்தியிலிருந்து பறித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனோம். நான் போகிற வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று கட்டிக்கொண்டே போனேன், அந்தப் பேச்சை மட்டும் பேசியிருந்தால் கட்டடம் ஆடியிருக்கும். சிரிப்பு ஆபீசர் உட்காரச் சொன்னான், டீ வரவழைத்தான், நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு எங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்து மேஜையில் வைத்தான். இது உங்க கையெழுத்துதானே, அழகா போட்டிருக்கீங்களே என்றான். அப்ப குடுத்தது உங்க தோட்டத்துச் சாமான் இல்லையா, ஏமாத்திட்டீங்களா என்றான். அப்ப ஏமாத்தினவங்க இப்ப மட்டும் உண்மையான கீரையைத்தான் கொண்டாந்திருக்கீங்கன்னு நான் எப்படி நம்பறது சொல்லுங்க என்றான். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்கே பதில் வரவில்லை என்றால் அது எப்படிப்பட்ட கேள்வி என்று நீ பார்த்துக்கொள்.

ஆத்திரத்தில் நானும் தக்காளிக்காரரும் அன்றைக்கே தோட்டத்தில் இறங்கி, சந்தைப் பாத்தியில் இருந்ததை எல்லாம் வேரோடு பிடுங்கிக் கம்பெனி கேட் முன்னால் மலை மாதிரிக் குவித்தோம். மலை என்றால் இரண்டு தள்ளுவண்டிதான், ஆனாலும் பார்க்க மலைதான். இதைத் தின்னுங்கடா என்று சொல்லிவிட்டு வந்தோம். நாடே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கேட் முன்னால் ஓர் இலை இல்லை, கம்பெனிக்காரன் அள்ளிக் குப்பையில் போட்டிருப்பான் என்று சந்தைப் பக்கம் வந்தேன். போர்டுக்குக் கீழேயே என் கீரை, முறம் அகல இலை, எனக்குத் தெரியாதா என் இலை, புதுசாகக் கட்டுக் கட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். கேட் முன்னால் கிடந்ததை விடியுமுன் யாரோ அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வேண்டாம்மா, அது விஷம் என்று வாங்க வந்தவளிடம் சொன்னேன். அவள் போர்டைக் காட்டி, படிக்கத் தெரியாதா பெரியவரே, உங்க கடையில் சரக்கு இல்லைங்கறதுக்காக அடுத்தவன் பிழைப்பைக் கெடுக்காதீங்க என்றாள். மிச்சம் இருந்தது லாரியில் ஏறி வெளியூர் போயிற்று. எந்த ஊர் என்று தெரியவில்லை. நீ அங்கே கடையில் கீரை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து வாங்காதே. எங்கிருந்து வருகிறது என்று கேள், சொல்லமாட்டார்கள், இத்தனை வருஷத்தில் நானும் யாருக்கும் சொன்னதில்லை.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெருவில் கத்தியது அவள் காதிலேயே விழுந்தது என்றால் பார்த்துக்கொள். ஆனால் அவள் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள். நம்ம பொண்ணுக்கு நான் வீட்டுப் பாத்தியைத் தாண்டி ஒரு இலை காட்டமாட்டேன், என் பேரப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது என்கிறாள். தக்காளிக்காரர் பெண்டாட்டியும் அதையேதான் சொன்னாள். கீரைக்கு வீட்டுப் பாத்தி இருக்கிறது, தக்காளிக்கு? வெங்காயத்துக்கு? வாய்க்கால் கரையில் மேய்கிற மாட்டின் பாலுக்கு? சேற்றுக் குளத்திலிருந்து காற்றடித்தால் வந்து படிகிற தூசிக்கு எந்தப் பாத்தியைக் காட்டுவாள்? இதைக் கேட்டால் அந்தப் பக்கக் காது கேட்கவில்லை என்கிறாள். நீ ஒருத்தி வருவாய் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடுகிறாள், அதை எப்படிப் பிடுங்குவது என்று நான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன தடவை நீ வந்தபோது உன் சித்தி கீரையைக் காயவைத்து இடித்து இரண்டு டப்பா பொடி கொடுத்து அனுப்பினாள். சென்ற மாதம் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, அந்தப் பொடியில் வண்டு வைத்துவிட்டதாம், இங்கே மிச்சம் இருந்ததையும் கொட்டிவிட்டோம், அங்கேயும் உடனே கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன், அவரும் கொட்டிவிட்டேன் என்றார். அது வண்டு இல்லை கண்ணு. வீட்டுப் பாத்திக் கீரை முழுவதையும் காயவைத்தால் கால் டப்பா தேறாது. பிள்ளை வெறும் டப்பாவோடு போகக்கூடாது என்று உன் சித்தி மிச்சத்தை எதிலிருந்து நிரப்பினாள் என்று சின்னவள் பிரசவத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ அதை எவ்வளவு சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வாய் வரவில்லை. எனவே நீ இந்தக் கடிதத்தை முடித்ததும் செய்யவேண்டியது, டாக்டரிடம் போய், நான் ஈயச் சுரங்கத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள், அந்த மண்ணில் விளைந்ததைச் சமீபம் வரை சாப்பிட்டிருக்கிறேன், என் இரத்தத்தைப் பாருங்கள் என்று சொல்லவேண்டும். கூச்சப்படாதே, ஊர் மானம் போகும் என்று நினைக்காதே, அந்த மானத்தை நாங்கள் மேஜையில் வைத்துவிட்டு வந்தாயிற்று. உன் சித்தியை மட்டும் திட்டாதே, திட்டவேண்டும் என்றால் என்னைத் திட்டு, என் தோல் தடிப்பு.

நீ வரவேண்டாம். பிரசவத்துக்கும் வரவேண்டாம், பிள்ளையைக் காட்டவும் வரவேண்டாம். இந்த ஊர்ப் பக்கம் அந்தக் குழந்தை கால் படவே வேண்டாம். பெற்ற பெண்ணாக நினைத்து வளர்த்தவளிடம் இப்படி எழுதுகிற நாள் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவன் பல்லைத் தட்டியிருப்பேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் உன் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். முன்னாலேயே சொன்னால் அழுவாள், அழுதால் நான் கிழித்துப் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள், பிறகு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று கேட்பாள். நாங்கள் அங்கே வருகிறோம். உன் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு மாதம் நெருங்கும்போது நான் வந்து இறங்குவேன், பிரசவம் வரை அவர்கள் உன்னோடு இருப்பார்கள், உங்கள் சின்ன வீட்டில் இடம் போதாது என்று மாப்பிள்ளை சங்கடப்படவேண்டாம், நான் வாசலில் படுத்துக்கொள்வேன்.

உன் கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்து இறக்கிய சாமானைப் பார்த்து உன் மாமியார் வாயைப் பிளந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு லாரி என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், அது வேன்தான். இந்தத் தடவை எதுவும் கொண்டுவரமாட்டோம். ஒரு காய், ஒரு பொடி, ஒரு பாட்டில் தண்ணீர் வரக்கூடாது என்று நான் இரண்டு பெண்களின் பையையும் கிளம்புமுன் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பேன், மாற்றுத்துணிகூட அங்கே துவைத்த பிறகுதான் உன் பக்கத்தில் வரவேண்டும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உன் மாமியார் என்ன இது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பார்க்க வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உன் சித்தப்பா கஞ்சன் ஆகிவிட்டான் என்று நீயே சொல்லிவிடு. சொல்லிவிட்டு, நாங்கள் கை கழுவிவிட்டு உள்ளே வர ஒரு சோப்பு எடுத்து வெளியே வை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, நல்ல தண்ணீர் குடித்து, நல்ல சோறு சாப்பிட்டு இருக்கவேண்டும் என்று உன் சித்தியும் நானும் மனதார வாழ்த்துகிறோம், உன் அம்மாவின் வாழ்த்தையும் அவளைக் கேட்காமலே சேர்த்துக்கொள். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, முடிவு எதுவானாலும் எனக்குக் கடிதமாக எழுது, போனில் சொல்லாதே. நல்லதாக வந்தால் தெரு முழுக்க நான் கத்திச் சொல்லிக்கொள்வேன். வேறு மாதிரி வந்தால் அதைப் படிக்கவேண்டியவன் நான் ஒருத்தன் போதும்.

இப்படிக்கு,
உன்னை வரவேண்டாம் என்று சொல்லும்
உன் சித்தப்பா